சத்தம் போடும் டிஸ்க் பிரேக்

நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது சைக்கிளில்தான் வருகிறார்கள். பருத்த டயர், ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என்று மலைப்பாதைக்காக உருவான சைக்கிள்கள். மலைக்குப் போகிறார்களோ இல்லையோ, வாசலில் வந்து நிற்கும்போது அவை எழுப்பும் கூச்சலில் உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியை ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. "நீங்கள் ரயில்வேயில் பிரேக் பார்த்தவர்தானே சார், இதற்கு ஒரு வழி எழுதக் கூடாதா?" என்று அவர் கேட்டதன் விளைவே இக்கட்டுரை.

பிரேக் பார்த்தவன்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து 1980இல் மத்திய ரயில்வேயில் சேர்ந்தேன். டிரெயின் எக்ஸாமினராகத் தொடங்கி, சோலாப்பூர், தவுண்ட், புனே என்று பெட்டிகளின் அடியிலேயே காலத்தைக் கழித்து, 2018இல் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றேன். ஆனால் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கைப் பற்றி எழுத எனக்குள்ள முதல் தகுதி அதுவல்ல. என் பேரனின் பிரேக்கை நானே கெடுத்தேன். அதனால் அவன் முகவாயில் மூன்று தையல் விழுந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பது முறையாகாது.

2023ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த சமயம். பேரனுக்கு அப்போது பதின்மூன்று வயது. "தாத்தா, பின் பிரேக் ரொம்பக் கத்துது, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்று வந்து நின்றான். சைக்கிள் வாங்கிய கடையில் கேட்டதற்கு, "புதுசு எல்லாமே அப்படித்தான், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். பிரேக் கம்பி இழுக்கும் சின்னக் கை, மழையில் நனைந்து நனைந்து அதன் ஆணியில் துருப்பிடித்திருந்தது. இவ்வளவுதானே என்று அலமாரியிலிருந்த எண்ணெய் ஸ்பிரே டப்பாவை எடுத்து, அந்த ஆணியைக் குறிவைத்து இரண்டு அடி அடித்தேன். சக்கரத்தைச் சுற்றி பிரேக் பிடித்தேன். சத்தமே இல்லை! "பார்த்தாயா, கடைக்காரனுக்குத் தெரியவில்லை" என்று ஒரு பெருமை வேறு.

மறுநாள் காலை எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில் அவன் பின் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். பிரேக் சத்தம் போடவில்லை, பிடிக்கவும் இல்லை. முன் பிரேக்கைப் பிடித்திருந்தால் நின்றிருக்கும். ஆனால், "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே. சரிவின் அடியிலிருந்த தூணில் போய் மோதினான்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, மாலையில் சைக்கிளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். டிஸ்க்கின் மேல் விரலைத் தேய்த்தால் வழுக்கியது. ஸ்பிரேயின் புகைபோன்ற துளிகள் ஆணியில் மட்டுமா விழும்? இரண்டு அங்குலம் தள்ளியிருந்த பேட்டுக்குள்ளும் போயிருக்கிறது. ரயில் பெட்டியின் பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு கலாசி எண்ணெய்க் குப்பியோடு நின்றால் திட்டித் தீர்த்திருப்பேன். வீட்டில் அதையே நான் செய்தேன். மருமகளிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "போகட்டும் மாமா" என்றாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு வாரம் பேரன் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் பால்கனிக்கு வந்து நின்று பார்த்தாள். அதன் பிறகுதான் உட்கார்ந்து இந்தச் சின்ன பிரேக்கை முறையாகப் படித்தேன்.

சத்தம் ஏன் வருகிறது?

டிஸ்க் பிரேக்கும் சத்தமும் கூடப் பிறந்தவை. 1902இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற மோட்டார் பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் உலோகத் தட்டைச் செம்புப் பட்டைகள் கவ்வின. உலோகத்தோடு உலோகம் உரசிக் காதைப் பிளந்தது. சில ஆண்டுகள் கழித்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்த பட்டையைக் கொண்டுவந்த பிறகே அது அடங்கிற்று. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுக்கும் என்று பின்னர் தெரிந்து அதையும் விலக்கினார்கள். இன்று சைக்கிளுக்குக் கிடைக்கும் பேட்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பிசினில் நார்களைக் கலந்து இறுக்கியது ஒன்று. உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கியது மற்றொன்று. பிசின் பேட் சாதுவானது, சீக்கிரம் தேயும். உலோகப் பேட் மழையிலும் நீண்ட இறக்கத்திலும் நன்றாகத் தாங்கும், ஆனால் வாயாடி.

வாசகர்கள் கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சாக்பீஸ் பலகையைப் பற்றுகிறது, வழுக்குகிறது, மீண்டும் பற்றுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை, சில சமயம் ஆயிரத்துக்கும் மேல், இது நடக்கும்போது காதுக்கு ஒரே கீச்சாகக் கேட்கிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதுவே. பிரேக்கில் தந்தியின் இடத்தில் இருப்பது மெல்லிய எஃகுத் தட்டு. பஜனைத் தாளத்தைப்போல அது அதிர்வதற்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. புது டிஸ்க்கின் கனம் பெரும்பாலும் 1.8 மில்லிமீட்டர், விட்டம் 160 மில்லிமீட்டர். எங்கள் எல்.எச்.பி. ரயில் பெட்டியின் அச்சில் இருக்கும் டிஸ்க் 640 மில்லிமீட்டர் விட்டமும் 110 மில்லிமீட்டர் கனமும் கொண்டது. அது எளிதில் கீச்சிடாது, இது கீச்சிடும்.

பேட் தட்டைச் சீராகப் பற்றினால் அதிர்வு எழாது. பற்றுவது சீராக இல்லையென்றாலோ, பற்றுகிற உறுப்புகளில் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தாலோ எழும். ஆக, சத்தத்துக்குக் காரணம் தேடும்போது இரண்டு கேள்விகளே உள்ளன: உரசும் பரப்பில் என்ன கோளாறு? எது தளர்ந்திருக்கிறது?

எண்ணெய் போட்டால் சத்தம் ஏன் நிற்கிறது என்பதும் இதில் அடக்கம். பற்றுதல் இருந்தால்தானே பற்றி வழுக்குவது? எண்ணெய் பற்றுதலையே எடுத்துவிடுகிறது. கொஞ்சம் எண்ணெய் காய்ந்து, சூட்டில் பேட்டின் மேல் கருகிப் பளபளப்பாகப் படிந்த பிறகு, முன்னைவிடப் பெரிதாகக் கத்தும். பலரும் அப்போது மறுபடி எண்ணெய் போடுகிறார்கள்.

காதால் நோய் அறிதல்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரயில் பிளாட்பாரத்தில் நுழையும்போதே இரு பக்கமும் ஆட்கள் நிற்போம். ரோலிங்-இன் பரிசோதனை என்பார்கள். சக்கரத்தில் தட்டை விழுந்திருந்தால் 'டக் டக்' என்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அடிக்கும். ரயில் மெதுவாக மெதுவாக அடியும் மெதுவாகும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் சத்தத்தோடு கருகல் வாடையும் வரும். பெட்டி நிற்பதற்குள் எந்தச் சக்கரம் என்று எண்ணி வைத்துக்கொள்வோம். சைக்கிளுக்கும் அதே முறைதான்.

பிரேக் பிடிக்காமல் உருளும்போதே 'ஷிங்... ஷிங்...' என்று சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. விடாமல் 'ஸ்ஸ்...' என்று வந்தால் ஒரு பேட் உரசிக்கொண்டே இருக்கிறது. பிரேக் பிடித்தவுடன் 'டக்' என்று ஒரு முறை வந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது: காலிப்பரின் போல்ட்டாக இருக்கலாம், சக்கரத்தின் ஹப்பாக இருக்கலாம், பேட்டைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங் விழுந்திருக்கலாம். பிடிக்கும்போது 'கரகர' என்று அறுப்பதுபோல் வந்தால் உடனே இறங்கிவிடுங்கள். பேட் தேய்ந்து அதன் பின்னாலுள்ள இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது, அல்லது உள்ளே மணல் புகுந்திருக்கிறது. மழையில் நனைந்த டிஸ்க் ஓலமிடுவது வேறு விஷயம். நாலைந்து முறை பிடித்து விட்டால் ஈரம் காய்ந்து அடங்கிவிடும். அதற்கு வைத்தியம் வேண்டாம். உலர்ந்த சாலையில், பிடிக்கும்போது மட்டும், 'க்ரீ...ச்' என்று உச்சத்தில் கத்துவதுதான் நம் சங்க வாசலில் கேட்பது. அதற்குப் பெரும்பாலும் அழுக்கும் எண்ணெயும் காரணம். அடுத்தபடியாகத் தளர்ந்த போல்ட்.

செய்முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் அருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். அதன் துளைகள் வெற்றிலைப் பாக்குவெட்டி போல. விரல் நுனியை எடுத்துவிடும். குழந்தைகள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றி விளையாடுவதை நிறுத்துங்கள். இறக்கத்தில் வந்து நின்றவுடன் டிஸ்க்கைத் தொடவும் கூடாது. எவ்வளவு சூடு என்கிறீர்களா? பையனும் சைக்கிளுமாக 60 கிலோ என்று வைத்து, 150 மீட்டர் உயரம் கொண்ட ஒரு மலைச்சரிவில் வேகம் கூடாமல் பிரேக் பிடித்தே இறங்கினால் சுமார் 88 கிலோஜூல் வெப்பம். காற்று கொண்டுபோவதைக் கழிக்காமல் கணக்கிட்டால், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அத்தனையும் இறங்குவது நூறு கிராமைச் சற்றே தாண்டும் இரண்டு தட்டுகளில்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, டிஸ்க் போல்ட்டுக்கு நட்சத்திர முனை கொண்ட டி-25 கீ, வெள்ளைத் துணி, நடுத்தர உப்புத்தாள், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு குப்பி. கொரோனாவுக்கு வாங்கி மீந்துபோன கை சானிடைசர் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பது வழக்கம். அது டிஸ்க்கில் படிந்துகொள்ளும். மண்ணெண்ணெய், டீசல் கூடவே கூடாது.

சக்கரம் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதே முதல் வேலை. பஞ்சர் ஒட்டி அவசரமாக மாட்டிய சக்கரம் அரைகுறையாக உட்கார்ந்திருந்தால் டிஸ்க் காலிப்பருக்குள் கோணலாக நிற்கும். சைக்கிள் தரையில் நிற்கும்போதே நட்டைத் தளர்த்தி, மேலிருந்து அழுத்தி, மறுபடி இறுக்குங்கள். பிறகு சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஹப்பின் கோனை இறுக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் பிரேக்கில் என்ன செய்தும் பயனில்லை.

அடுத்து போல்ட்கள். டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருப்பவை பொதுவாக ஆறு. வட்டமாக வரிசையில் இறுக்காமல், எதிரெதிராகத் தாவித் தாவி இறுக்க வேண்டும். இவை சின்ன போல்ட்கள். நான்கு நியூட்டன் மீட்டர் அளவுக்கு, அதாவது கீயின் குட்டைப் பக்கத்தைப் போல்ட்டில் வைத்து நீளப் பக்கத்தை இரண்டு விரலால் இழுக்கும் பலத்துக்கு இறுக்கினால் போதும். முழு உடம்பையும் போட்டால் மரை போய்விடும். காலிப்பரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் இரண்டும் அதைவிடச் சற்றுப் பலமாக, ஆறு முதல் எட்டு நியூட்டன் மீட்டர். நான் பார்த்த சத்தமிடும் சைக்கிள்களில் பல, புதிதாகக் கடையிலிருந்து வந்தவை, இந்த இரண்டு போல்ட்டை இறுக்கியதிலேயே அடங்கிவிட்டன.

பிறகு சக்கரத்தைக் கழற்றி, பேட்களை வெளியே எடுங்கள். ஒரு சின்னப் பின் அல்லது திருகு அவற்றைப் பிடித்திருக்கும். எது இடது, எது வலது என்று குறித்துக்கொள்ளுங்கள். உராயும் பொருளின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் புதிது வாங்கிவிடுவது என் வழக்கம். அரை மில்லிமீட்டர் வந்தால் எவரும் மாற்றியே ஆக வேண்டும். கனம் இருந்து, மேலே கண்ணாடி போல் பளபளத்தால் அது சூட்டில் இறுகிவிட்டது. உப்புத்தாளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, பேட்டை எட்டு வடிவத்தில் தேய்த்தால் மங்கலான புதுப் பரப்பு வெளிவரும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சமையலறையில் வேண்டாம், வாசலில் செய்யுங்கள்.

எண்ணெய் குடித்த பேட் வேறு. மேலாகத் தேய்த்தால் சுத்தமாகத் தெரியும். சூடானதும் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். என் பேரனின் பேட்டை மூன்று முறை தேய்த்தேன். சிக்கனம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாளில் பழைய கதை. அடுப்பில் சுட்டு எண்ணெயைப் போக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பிசின் பேட்டைச் சுட்டால் பிசினே வெந்து உதிரும், புகையும் நல்லதல்ல. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினேன். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

டிஸ்க்கை ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பக்கமும் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். பிறகு விரல் படக் கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசையும் எண்ணெய்தான். தேய்ந்து 1.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டிஸ்க்கை மாற்றவேண்டும். இந்த அளவைப் பல டிஸ்க்குகளில் பொறித்தே இருப்பார்கள்.

வளைந்த டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மைப் போன்ற மாற்றல் குடும்பங்களின் வியாதி. எங்கள் மாடியில் நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. லாரியில் சாமான் ஏற்றியவர்கள் சைக்கிளை டிஸ்க் பக்கம் கீழே வரும்படி படுக்க வைத்து, அதன்மேல் பீரோவைச் சாய்த்துவிட்டார்கள். வந்து இறங்கியதும் 'ஷிங் ஷிங்'. சைக்கிளில் டிஸ்க் இருப்பது இடது பக்கம், செயின் இருப்பது வலது பக்கம். படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் டிஸ்க் மேலே வரும்படி வையுங்கள். அதைவிட, சக்கரத்தைக் கழற்றி அட்டையில் சுற்றித் தனியாகக் கொண்டுபோங்கள். சற்றே வளைந்ததை நிமிர்த்தலாம். சக்கரத்தை மெல்லச் சுற்றி, டிஸ்க்கும் பேட்டும் நெருங்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் தட்டின் ஓரத்தில் குறியிட்டு, சுத்தமான அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயைத் தட்டின் கனத்துக்கு ஒடுக்கி, குறியிட்ட இடத்தைக் கவ்வி எதிர்ப் பக்கம் மெல்ல நெம்ப வேண்டும். மயிரிழை, மறுபடி சுற்றிப் பார்த்தல், மறுபடி மயிரிழை. ஒரே நெம்பில் சரிசெய்ய நினைத்தவர்கள் புது டிஸ்க் வாங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டுச் சைக்கிளுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. வேலை முடிந்ததும் குறியை ஆல்கஹாலால் துடைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு காலிப்பரை நடுவில் நிறுத்துவது. நம் பிள்ளைகள் வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை கம்பி இழுக்கும் பிரேக்குகள். இவற்றில் பலவற்றில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். அது டிஸ்க்கைத் தள்ளி, நகராமல் நிற்கும் உள்பக்கப் பேட்டின்மேல் அமுக்கும். ஆகவே உள்பக்கப் பேட் டிஸ்க்குக்கு எவ்வளவு அருகில் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்கு ஸ்போக் கம்பிகளின் ஊடே எட்டிப் பிடிக்கும்படி ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, உள்பக்கப் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சுத்தமான விசிட்டிங் கார்டைச் செருகி, பிரேக் லிவரை இறுக்கமாகப் பிடித்தபடியே போல்ட்களைக் கால் சுற்றாக மாறி மாறி இறுக்குங்கள். லிவரை விட்டுக் கார்டை உருவினால் அந்த இடைவெளி நின்றுவிடும். லிவரை வேறு யாராவது பிடித்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அந்த வேலை என் மனைவிக்கு.

எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சக்கரம் கழற்றியிருக்கும்போது லிவரைத் தொடாதீர்கள், பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே ஓர் அட்டையைச் செருகி வையுங்கள். புதுப் பேட் போட்டும் ஒரு வாரத்தில் எண்ணெய் ஊறினால் காலிப்பருக்குள்ளேயே கசிகிறது என்று பொருள். அதை விவரமறிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அதில் மினரல் ஆயிலா, டாட் திரவமா என்று எழுதியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் கெட்டுப் பிரேக்கே செயலிழக்கும்.

சாக்பீஸ் கோடு

புதுப் பேட்டும் துடைத்த டிஸ்க்கும் முதலில் ஒன்றுக்கொன்று அந்நியம். சமதளமான, ஆளில்லாத சாலையில் மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகம் எடுத்து, சக்கரம் வழுக்காமல் மெல்ல மெல்லப் பிடித்து நடைவேகத்துக்குக் குறைக்க வேண்டும். முழுவதும் நிறுத்தாமல் விட்டு மறுபடி. ஒவ்வொரு பிரேக்குக்கும் தனித்தனியாக இருபது முறை. பேட்டின் மெல்லிய பூச்சு டிஸ்க்கில் சீராகப் படிவதற்காக இது. இதைச் செய்யாமல் நேராக போப்தேவ் காட் இறக்கத்துக்குப் புதுப் பேட்டோடு போகிறவர்கள் திரும்பி வரும்போதே கத்திக்கொண்டுதான் வருவார்கள்.

அதன் பிறகு சோதனை. சத்தம் நின்றதா என்று பார்ப்பது சோதனையல்ல. என் ஸ்பிரே டப்பாவும் சத்தத்தை நிறுத்தியது. சாலையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பையனை ஒரே அளவான வேகத்தில் வரச்சொல்லி, கோட்டைத் தொட்டவுடன் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொல்லி, எங்கே நிற்கிறான் என்று தப்படியால் அளந்துகொள்ளுங்கள். பேரனின் சைக்கிளை விபத்துக்குப் பிறகு நானே ஓட்டி அளந்தபோது எண்ணெய் குடித்த பேட்டில் பன்னிரண்டு தப்படி. அதே பேட்டைத் தேய்த்த பின் எட்டு. புதுப் பேட்டில், இருபது முறை பழக்கிய பின், நாலரை. அந்த எண்களைச் சமையலறை காலண்டரில் எழுதி வைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் அளக்கிறோம். கூடினால் சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரித்துப் பார்க்கிறோம்.

அப்படி அளந்தபோதே முன் பிரேக்கையும் அவனுக்குப் புதிதாகக் கற்பித்தேன். ஓடும் வண்டியை நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்குத் தாவுகிறது, பின்சக்கரம் லேசாகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அது வழுக்கும், தூரம் கூடும். இடுப்பைச் சற்றுப் பின்னே தள்ளி, கைகளை முட்டுக்கொடுத்து, இரண்டையும் ஒன்றாக, முன்னதைப் படிப்படியாகக் கூட்டிப் பிடிக்க வேண்டும். மணலிலும் ஈரத்திலும் வளைவிலும் மட்டும் முன்னதை இளக்க வேண்டும். என் அப்பா எனக்குச் சொன்ன பயத்தை அப்படியே அவனுக்குச் சொல்லியிருந்தேன். அப்பாவின் சைக்கிளில் முன் பிரேக் ஒரு ரப்பர் கட்டை. அந்தப் பிரேக்குக்கு அந்தப் பயம் சரியாக இருந்திருக்கலாம்.

இனி எண்ணெய் எங்கே போடுவது? செயினில் போடத்தான் வேண்டும். ஸ்பிரேயாக அடித்தால் ஸ்போக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் இருக்கும் டிஸ்க்கில் போய் உட்காரும். மூக்குள்ள சிறு குப்பியால் கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு மேலாகத் துடைத்துவிடுவது. அந்த நேரத்தில் டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி வையுங்கள். சைக்கிளைக் கழுவும்போதும் அப்படியே. பிரேக் கம்பியின் கையிலுள்ள அந்த ஆணிக்கு, காலிப்பரிலிருந்து பேட்களை எடுத்த பிறகு, தீக்குச்சி முனையில் தொட்டு ஒரே ஒரு சொட்டு. எங்கள் வீட்டில் அந்தச் சொட்டைக்கூட இப்போது பேரன்தான் வைக்கிறான். ஸ்பிரே டப்பாவை அவன் அம்மா கதவுக் கீல்களுக்கு என்று எழுதித் தன் அலமாரியில் வைத்திருக்கிறாள்.